பங்க் இருக்கிறது, பிரஷர் இல்லை: சி.என்.ஜி. கார் ஓட்டுநர்களின் கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவாரூர் மாவட்டம்.

அனுப்புநர்: மன்னார்குடி வட்டார வாடகை கார் ஓட்டுநர்கள் சார்பாக ஒரு ஓட்டுநர்.

பொருள்: சி.என்.ஜி. (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) பங்கில் முழு பிரஷரில் கேஸ் கிடைக்கவும், சிலிண்டர் சோதனையை மாவட்டத்துக்குள்ளேயே முடிக்கவும் ஏற்பாடு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மன்னார்குடியில் பதினேழு வருஷமாக வாடகை கார் ஓட்டுகிறேன். மூன்றரை வருஷத்துக்கு முன்னால் பழைய டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டு, கம்பெனியிலேயே சி.என்.ஜி. பொருத்தி வந்த புதுக் காரை லோன் போட்டு எடுத்தேன். சுத்தமான எரிபொருள், புகை கம்மி, செலவும் கம்மி என்று அரசாங்கமும் சொன்னது, ஷோரூமிலும் சொன்னார்கள். சொன்னது பொய்யில்லை. ஒரு கிலோ கேஸுக்கு என் வண்டி 24, 25 கிலோமீட்டர் ஓடுகிறது, அதே வண்டி பெட்ரோலில் லிட்டருக்கு 16, 17க்கு மேல் கொடுப்பதில்லை. எப்படிக் கணக்குப் போட்டாலும் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம், அந்த 2 ரூபாயை நம்பித்தான் மாதாமாதம் தவணை கட்டுகிறேன்.

பிரச்சினை கேஸில் இல்லை, கேஸ் வந்து சேரும் விதத்தில் இருக்கிறது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் வளைகுடாவுக்கு முதல் தடவையாக வேலைக்குப் போகிறான், விடியற்காலை திருச்சியில் விமானம். கூட அம்மா, தங்கை, இரண்டு பெரிய பெட்டி. டிக்கியில் பாதி இடத்தை சிலிண்டர் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஒரு பெட்டியை முன் சீட்டில் வைத்துக் கட்ட வேண்டியிருந்தது, அது வேறு கதை. முதல் நாள் சாயங்காலம் 7 மணிக்கே பங்குக்குப் போய் வரிசையில் நின்றேன், எனக்கு முன்னால் பதிமூன்று வண்டி. என் முறை வரும்போது மணி 9.40. பங்குத் தம்பி வந்து நாசிலை மாட்டினான், உஸ்ஸென்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்திலேயே சத்தம் தேய்ந்து நின்றுவிட்டது. "அண்ணே, 110 தான் காட்டுது, ஏறுன வரைக்கும் லாபம்னு எடுத்துக்குங்க, லாரி காலையிலதான் வரும்" என்றான். 110 என்பது பிரஷர், பார் என்ற அளவில், முழுசாக ஏற 200 வேண்டும். மீட்டரில் 3.6 கிலோ. என் சிலிண்டர் 8 கிலோவுக்கு மேல் பிடிக்கும். டேஷ்போர்டில் நாலு பச்சைக் கோடு எரிய வேண்டிய இடத்தில் இரண்டு எரிந்தது. திருச்சிக்குப் போக மட்டும் அந்த கேஸ் வந்தது, திரும்பி வந்ததெல்லாம் பெட்ரோலில். வாடகையை கேஸ் கணக்கில் பேசியிருந்தேன், ஊரை விட்டுப் போகிற பையனின் அம்மாவிடம் கூடுதலாகக் கேட்க மனசு வரவில்லை, அந்த ட்ரிப்பில் கையில் 300 ரூபாய்கூட நிற்கவில்லை.

பங்குத் தம்பிமேல் குறை சொல்ல மாட்டேன், அவனும் ராத்திரி முழுக்க எங்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறான். ஏன் இப்படி ஆகிறது என்பது இத்தனை நாள் வரிசையில் நின்று நின்று எங்களுக்கே புரிந்துவிட்டது. நாங்கள் கேஸ் போடும் பங்குக்குக் குழாய் இணைப்பு கிடையாது. குழாய் வழியே கேஸ் வரும் தாய் நிலையத்தில் சிலிண்டர் அடுக்குகளை நிரப்பி லாரியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள், கேஸ்கேட் என்பார்கள். வரும்போது 200 பாருக்கு மேல் இருக்கும். முதலில் வருகிற வண்டிகளுக்கு நிறைய ஏறும், அடுக்கு காலியாகக் காலியாக பிரஷர் இறங்கும். இரண்டு குடத்தை ஒரு டியூபால் இணைத்தால் தண்ணீர் மட்டம் சமமானதும் ஓட்டம் நின்றுவிடுமே, அதே மாதிரிதான் இதுவும், அங்கே 110 இருந்தால் என் வண்டியிலும் 110க்கு மேல் ஏறாது. அடுக்கில் கேஸ் மிச்சம் இருந்தும் எங்களுக்கு வராது. அதை அழுத்தி ஏற்றத்தான் பூஸ்டர் கம்ப்ரசர் என்று ஒரு இயந்திரம் இருக்கிறது, அது வைத்த பங்குகளில் கடைசி வண்டிக்கும் ஓரளவு நிறைய ஏறுகிறது. எங்கள் பங்கில் அது இல்லை. ஆகவே புதிதாக பங்க் திறப்பதற்கு முன்னால், இருக்கிற பங்கில் பூஸ்டர் வைக்கச் சொல்லுங்கள் என்பதுதான் எங்கள் முதல் கோரிக்கை.

அப்புறம் குழாய். இதை நாங்கள் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் டெல்டா மண்ணிலிருந்து எத்தனையோ வருஷமாக எரிவாயு எடுக்கிறார்கள். நம் மாவட்டத்துத் திருமக்கோட்டையிலும், பக்கத்தில் குத்தாலத்திலும் எரிவாயுவில் ஓடும் மின் நிலையங்கள் இருக்கின்றன. அந்தக் குழாய்கள் போகிற வயல்களைத் தாண்டித்தான் நாங்கள் தினமும் வண்டி ஓட்டுகிறோம். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், புதுக் கிணறு தோண்டுங்கள் என்று இந்த மனுவில் யாரும் கேட்கவில்லை. நான் விவசாயி மகன், 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தபோது எங்கள் தெருவில் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். எண்ணூரில் 2019லிருந்து கப்பலில் எரிவாயு வந்து இறங்குகிறது, அந்த கேஸ் ஆனாலும் சரி, ஏற்கெனவே இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் கேஸ் ஆனாலும் சரி, நகரங்களுக்குள் ரோட்டோரமாகக் குழாய் வந்து பங்கைத் தொட வேண்டும். அதற்கு நெடுஞ்சாலைத் துறை, நகராட்சி, ஊராட்சி என்று ஒவ்வொரு இடத்திலும் ரோடு வெட்ட அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கோப்புகள் எங்கெங்கே நிற்கின்றன என்று நீங்கள் ஒரு கூட்டம் போட்டுக் கேட்டால் மாதக்கணக்கில் நிற்பது நாள்கணக்கில் நகரும்.

இந்தக் கஷ்டம் எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. டெல்லியில் பேருந்து, ஆட்டோ, டாக்சியெல்லாம் கேஸுக்கு மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998ல் உத்தரவு போட்டது. வண்டிகள் மாறின, கேஸ் போதவில்லை. 2001, 2002ல் அங்கே ஓட்டுநர்கள் ராத்திரி முழுக்க வரிசையில் நின்று வண்டியிலேயே தூங்கியிருக்கிறார்கள். பங்குகளும் குழாயும் கம்ப்ரசரும் கூடிய பிறகுதான் அந்த வரிசை சுருங்கியது. இருபது வருஷத்துக்கு மேலாகியும் அதே வரிசையில் நாங்கள் முதலிலிருந்து நிற்கத் தேவையில்லை.

சிலிண்டர் சோதனை விஷயமும் முக்கியம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டரைக் கழற்றித் தண்ணீர் அழுத்தச் சோதனை செய்து சான்றிதழ் வாங்க வேண்டும், தேதி தாண்டினால் பங்கில் கேஸ் போட மாட்டார்கள். இந்த விதியில் எங்களுக்கு மறுப்பே இல்லை, 200 பார் அழுத்தத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பிள்ளை குட்டிகளை ஏற்றிப் போகிறோம், சோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் நான் அதற்காக திருச்சிக்குப் போய் இரண்டு நாள் ஓட்டத்தை விட்டேன். அங்கீகாரம் பெற்ற சோதனை மையம் ஒன்று திருவாரூரில் வந்தால் நல்லது, அதுவரை மாதம் ஒருமுறை முகாமாவது வையுங்கள், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் மூலம் முன்கூட்டியே தேதி சொன்னால் நாங்கள் சிலிண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து ஒப்படைத்துவிடுவோம்.

முகாம் நடத்தினால் பொதுமக்களுக்கும் நாலு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். கேஸ் வண்டி என்றாலே சிலர் ஏறத் தயங்குகிறார்கள், முன்பு வீட்டு சிலிண்டரைத் திருட்டுத்தனமாக மாட்டி ஓட்டிய வேன்களின் ஞாபகம் அது. வீட்டு கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். சி.என்.ஜி. பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட லேசு, திறந்த வெளியில் மேலே போய்க் கலைந்துவிடும். கவனம் வேண்டாம் என்று சொல்லவில்லை, கேஸ் போடும்போது எல்லோரையும் இறக்கிவிட்டுத்தான் போடுகிறோம். ஆனால் எதைப் பார்த்து பயப்பட வேண்டும் என்பதாவது ஜனங்களுக்குத் தெரிய வேண்டும்.

பங்கில் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. வாசலிலேயே ஒரு பலகை வைத்து இப்போது பிரஷர் எவ்வளவு, அடுத்த லாரி எத்தனை மணிக்கு என்று எழுதிப் போடட்டும். 110 என்று முன்பே தெரிந்திருந்தால் அன்றைக்கு நான் இரண்டே முக்கால் மணி நேரம் நின்றிருக்க மாட்டேன். வரிசை நிற்கும் இடத்தில் ஒரு கூரையும், ஒரு கழிப்பறையும் வேண்டும், எங்களோடு ஆட்டோ ஓட்டும் பெண்கள் இரண்டு பேரும் நிற்கிறார்கள், அவர்கள் படும் பாட்டை நான் எழுத வேண்டியதில்லை. ஆலங்குடி குருபெயர்ச்சி, திருவாரூர் ஆழித்தேர், வேளாங்கண்ணித் திருவிழா என்று கூட்டம் வரும் நாட்கள் வருஷா வருஷம் தெரிந்ததுதான், அந்த நாட்களுக்கு லாரி நடையைக் கூட்டச் சொல்ல வேண்டும்.

கேஸ் விநியோக நிறுவனம், பங்க் உரிமையாளர், மாவட்ட வழங்கல் அலுவலர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர் இவர்களோடு எங்களில் இரண்டு பேரையும் உட்கார வைத்து ஒரு கூட்டம் நடத்தித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். இரண்டு மாதத்து பில்களின் நகலை இணைத்திருக்கிறேன், எந்த நேரத்தில் எத்தனை கிலோ ஏறியது என்று ஒவ்வொன்றின் பின்னாலும் பேனாவில் குறித்திருக்கிறோம். கூட்டத்தை மதியம் 12 மணிக்கு மேல் வைத்தால் நன்றாக இருக்கும், காலையில் எங்களில் பாதிப் பேருக்கு ஸ்கூல் ட்ரிப் உண்டு.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டார சி.என்.ஜி. வாடகை கார் ஓட்டுநர்கள்

இணைப்பு: பில் நகல்கள், ஓட்டுநர்கள் கையெழுத்துப் பட்டியல்.