கொப்பிக்கடைத் தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

நேற்றுப் பின்னேரம் பிரதேச செயலகத்தின் கடிதம் கைக்கு வந்தது. நுண்கடன் என்று பெண்களுக்குக் குழுவாகக் கொடுக்கிற சிறு கடனுக்குத் தவணை வாங்க வருகிறவர்கள் பொழுதுபட்ட பிறகு வளவுக்குள் வரக் கூடாது, ஒருத்தி கட்டவில்லை என்று குழுவில் இருக்கிற மற்றவர்களை மறித்து வைக்கக் கூடாது, எங்கள் ஊர்க் கடன்களை எழுதிக் கொடுத்த பட்டியல் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்குப் போகிறது. அவ்வளவுதான் கடிதம். வாசித்துவிட்டு மாதர் சங்கத்தில் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருந்தோம், யாரோ சிரிக்கத் தொடங்க எல்லோரும் சிரித்தோம். என்ன பட்டோம் என்று வன்னியில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

விதானையாருக்கு, மகஜர் எழுதித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு, கூட்டத்துக்கு வான் விட்ட அண்ணைக்கு, நாங்கள் திரிந்த நாளெல்லாம் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட அம்மாமாருக்கு, எல்லோருக்கும் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் கோவிக்காதேங்கோ. ஏனென்றால் இன்றைக்கு நான் எழுத வந்தது கிளிநொச்சியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிற ஒரு தம்பியைப் பற்றித்தான்.

கடன் அட்டைகளைக் கொப்பி எடுக்கத்தான் அவரிடம் போனோம். சொப்பிங் பையில் நகை அடகுத் துண்டுகளோடு கிடந்து கசங்கின அட்டைகள், ஒன்றில் குழம்புக் கறை வேறு. இரண்டு மூன்றை எடுத்தவர் மெசினை நிறுத்திவிட்டுக் கல்குலேட்டரை எடுத்தார். "அக்கா, 50,000 எடுத்து, கிழமைக்கு 1,250 படி 52 கிழமை. மொத்தம் 65,000. 30 வீதம் என்றுதானே சொன்னவை?" ஓம் என்றோம். "ஆனால் நீங்கள் ஒவ்வொரு கிழமையும் முதல் காசிலும் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டுறியள். வருசம் முழுக்க அந்த 50,000 உங்களிட்ட இருக்கேல்லையே. இருந்த காசுக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி 50 வீதத்தைத் தாண்டுது."

எங்களுக்கு இதை ஒருத்தரும் சொல்லித் தந்ததில்லை. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, அவர் பாட்டுக்கு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அடிமட்டம் வைத்துக் கோடு போட்டார். எடுத்த தொகை, கிழமைத் தவணை, எத்தனை இடத்தில் கடன், எதற்கு எடுத்தது. பெயர் எழுதுகிற இடத்தில் இலக்கம் மட்டும் போடச் சொன்னார். கடைசியாக, யோசித்துவிட்டு இன்னொரு கோடு: கடன் எடுத்த அந்தப் போகம் வயல் விளைந்ததா?

இலக்கம் என்றபடியால்தான் சனம் வாய் திறந்தது. அதுவரைக்கும் பக்கத்து வீட்டுக்குக் கூடத் தெரியாமல் தாலிக்கொடியை அடகு வைத்துத் தவணை கட்டினவர்கள், வீட்டுத்திட்டத்தில் தந்த 5,50,000 போதாமல் கூரைக்குக் கடன் எடுத்தவர்கள், ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தவர்கள் எல்லோரும் வந்து சொன்னார்கள். முன்பு நாங்கள் கந்தோர் கந்தோராகப் போய் அழுதபோது "இது உங்கட சொந்தக் கடன், நாங்கள் என்ன செய்கிறது" என்று அனுப்பிவிட்டார்கள். அதே ஆட்கள் இந்தத் தாளைப் பார்த்ததும் கதிரையைக் காட்டினார்கள். ஒரே கதை பத்து வீட்டில் இருந்தால் அது பத்துப் பேருடைய கெட்டித்தனக் குறைவு என்று சொல்லலாம், ஊர் முழுக்க ஒரே தவணையும் ஒரே விளையாத போகமும் பக்கம் பக்கமாகக் கிடந்தால் அப்படிச் சொல்ல முடியாதே.

கடைசிக் கோட்டின் பெறுமதி எனக்குப் பிறகுதான் விளங்கியது. 2018இல் அரசாங்கம் நுண்கடனைத் தள்ளுபடி செய்தபோது, வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் 1 லட்சத்துக்குள் எடுத்துக் கட்ட முடியாமல் போன பெண்களுக்கு என்றுதான் செய்தது. கடன்பட்டவள் என்றால் திரும்பிப் பார்க்காத அரசாங்கம் வரட்சி என்றால் பார்க்கிறது, அதற்குப் படிவம் இருக்கிறது, காசும் ஒதுக்கலாம். லட்சத்தைத் தாண்டினவர்கள் வெளியிலேயே நின்றார்கள், அது வேறு கதை. 2021இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் பெண்கள் கிழமைக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததும் இதே கடனுக்காகத்தான். அப்போது நாங்கள் செய்தியில் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தோம் என்று எங்கள் சங்கத் தலைவி இப்போதும் ஏசுவார்.

சரி, இந்தக் கடிதத்தோடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்று தெரியும். நுண்நிதிச் சட்டம் 2016இலேயே வந்தது, ஆனால் பதிவே இல்லாமல் மோட்டார்சைக்கிளில் வந்து காசு கொடுக்கிறவர்கள் இன்னும் வருகிறார்கள். அடுத்த பட்டியல் அவர்களைப் பற்றித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுநோக்கு மண்டபத்தில் இருப்போம், பக்கத்து ஊர்க்காரரும் அட்டையோடு வரலாம், பெயர் கேட்க மாட்டோம்.

தம்பி, நீங்கள் அன்றைக்குப் பேப்பர்க் காசு கூட வாங்கவில்லை. இந்த முறையும் வாங்காவிட்டால் கொப்பி எடுக்க முறிகண்டிப் பக்கம் போய்விடுவோம், இப்பவே சொல்லிவிட்டேன்.