வெரின் குடிக்காத தேநீர்

அன்புள்ள உமா,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணி சௌக்கியம். மாடி வீட்டு விவகாரத்தை வசந்தி உனக்குச் சொல்லியிருப்பாள், அதில் பாதியைக் கழித்துக்கொள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ராபர்ட் ஜோர்டனின் மாயாஜால நாவல்களை வைத்து எடுத்த 'வீல் ஆஃப் டைம்' தொடரின் மூன்றாவது சீசனைப் பார்த்து முடித்துவிட்டேன். நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு எதற்கடி பார்க்க வேண்டும் என்று நீ சொன்னதும் நானும் தொடவில்லை. லீவுக்கு வந்த கிஷோர்தான் போட்டான். அவன் போட்டதும் நல்லதாயிற்று. நீயும் பார்த்தே ஆகவேண்டும். பின்னலைப் பிடித்து இழுக்காமல் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படி.

புத்தகத்தை மாற்றிவிட்டார்கள் என்று நீ படிக்கும் குற்றப்பத்திரிகை முழுவதும் எனக்கு மனப்பாடம். முதல் எபிசோடிலேயே கதாநாயகன் ராண்டின் நண்பன் பெரினுக்கு ஒரு மனைவியை உண்டாக்கி, அவன் கோடரியாலேயே அவளைச் சாகடித்தார்கள். அதில் நான் இன்றும் உன் கட்சிதான். கோடரியா சுத்தியலா என்று அவன் பல புத்தகங்களாக உள்ளுக்குள் மல்லாடுவதுதான் பெரின். அதை ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தது அவசரக்காரர்கள் வேலை. இன்னொரு நண்பன் மேட் விஷயத்தில் மட்டும் நீ கொஞ்சம் இறங்கி வா. மேட்டாக நடித்த பார்னி ஹாரிஸ் முதல் சீசன் முடியுமுன்பே விலகிவிட்டார், நடுவில் கொரோனா வந்து பிராகில் படப்பிடிப்பே நின்றுபோனது. கையில் இருந்ததை வைத்து ஒப்பேற்றினார்கள். இரண்டாவது சீசனில் வந்த டோனல் ஃபின் அசல் மேட். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் நீயே மன்னித்துவிடுவாய்.

இந்த சீசனிலும் உன்னைக் கொதிக்க வைக்க இரண்டு இருக்கின்றன, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஐஸ் செடாய் என்கிற மந்திர சக்திப் பெண்களின் தலைவி சுவான் புத்தகத்தில் பிழைத்துக்கொள்வாள், இங்கே அவள் தலையை வெட்டிவிட்டார்கள். ராண்டின் தோழன் லாயல், மாயப் பாதையின் வாசலான வழிவாயிலை மூடப்போய் அதோடு விழுந்துவிடுகிறான். எனக்குச் சுவானைவிட லாயல்தான் தாங்கவில்லை. குறிப்பு நோட்டும் கையுமாக ராண்டின் பின்னாலேயே அலைந்தவன் அவன். இந்தக் கதையையே எழுதப்போகிறவனைப் பாதியில் தள்ளிவிட்டார்களே!

ஆனால் உமா, ரூயிடியன், அந்த ஐயீல் ஜனங்களின் பாலைவன நகரம். நாலாவது எபிசோட்.

நாலாவது புத்தகம் ஹாஸ்டலில் எந்த இடத்தில் தானாகத் திறந்துகொள்ளும் என்று உனக்கு நினைவிருக்கும். ராண்ட் கண்ணாடித் தூண்களுக்குள் நடக்கிறான். ஒவ்வோர் அடிக்கும் காலம் பின்னால் போகிறது. ஒவ்வொரு தடவையும் அவன் தன் முன்னோர்களில் ஒருவனாகிறான். முதலில் பேரன் கதை, அப்புறம் தாத்தா கதை, அதற்குப் பிறகு அவருடைய தாத்தா கதை என்று தலைகீழாகப் போகும் அந்த அத்தியாயங்களை எவனாலும் படமாக்க முடியாது என்று நீ பந்தயம் கட்டினாய். பந்தயத்தில் நீ தோற்றுவிட்டாய், எனக்கு ஒரு மாம்பழ ஐஸ்கிரீம் பாக்கி. ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கியையே அத்தனை முன்னோர்களாகவும் நடிக்க வைத்திருக்கிறார்கள். தாடி மாறுகிறது, வயது மாறுகிறது, முதுகு கூனுகிறது, கண் மட்டும் அதே கண். ஈட்டியும் முகத்திரையுமாகத் திரியும் அந்த ஐயீல் ஜனங்களின் முன்னோர்கள் ஒருகாலத்தில் யாரையும் அடிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள் என்று கிஷோருக்குப் புரிந்த நிமிஷம், பையன் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "அப்போ இவங்க எல்லாரும்...?" என்றான். ஆமாம்டா, எல்லாரும்தான்.

கடத்திப்போன கூடப்பிறந்தவளை மீட்கப் போன முன்னோன் ஒருவன், ஈட்டியால் ஆளைக் கொன்றுவிட்டுத் திரும்பி வருவானே, அந்த இடம். புழுதிக்காகக் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு அம்மா முன்னால் நிற்கிறான். முகத்தை மூடிக்கொள், இந்த முகத்தோடு எனக்கு ஒரு மகன் இருந்தான் என்கிறாள் பெற்றவள். கொல்வதற்கு முன் முகத்தை மூடுகிற வழக்கம் அங்கே பிறக்கிறது. ஈட்டி என்றால் வேட்டைக்கும் ஆகும், வாள் மனுஷனைக் கொல்ல மட்டும்தான், அதனால் ஐயீல்கள் வாளைத் தொடுவதில்லை. இதை எழுதிய ராபர்ட் ஜோர்டன் வியட்நாமில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி பிடித்தவர். எப்போது படித்தாலும் அந்தப் பக்கத்தில் அது என் நினைவுக்கு வரும்.

இவ்வளவு கைகூடி வந்த நேரத்தில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். சீசனின் கடைசி எபிசோட் 2025 ஏப்ரல் 17இல் வந்தது, மே 23இல் இனி இல்லை என்று அறிவிப்பு. 24 எபிசோடில், 14 புத்தகங்களில் நாலாவதுவரை வந்திருக்கிறார்கள். என் வயிற்றெரிச்சல் மாற்றங்களைப் பற்றியது இல்லை. மாற்றினால் சண்டை போட்டுக்கொள்ளலாம், நாம் போடாத சண்டையா? விதை போட்டுவிட்டு அறுக்காமல் விட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

வெரின் என்கிற ஐஸ் செடாயை எடுத்துக்கொள். மீரா சியால் நடித்திருக்கிறார். வெரின் என்றதும் என் மனதில் இருந்த ஆள் அப்படியே வந்து நின்றாள். பேசிக்கொண்டே இருந்துவிட்டு எங்கோ போய்விடுகிற பார்வை, மறதிக்காரப் பாட்டி மாதிரி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துதான் நடிக்கிறார், அது நமக்கும் தெரிகிறது. புத்தகத்தில் அவள் 1990இல், இரண்டாம் பாகத்தில் வந்தாள். ராண்டை வழிநடத்தும் ஐஸ் செடாய் மொரெய்ன் அனுப்பித்தான் வந்தேன் என்றாள். நான் அனுப்பவில்லை என்று பின்னால் மொரெய்ன் சொல்லிவிடுவாள். சத்தியத்தால் கட்டுப்பட்ட ஐஸ் செடாய் பொய் சொல்ல முடியாதே, பிறகு எப்படி என்று சங்கர் அண்ணன் மெஸ்ஸில் சாம்பார் ஆறுவது தெரியாமல் வாதாடினாரே! 2009இல் பன்னிரண்டாம் பாகத்தில்தான் விடை வந்தது. வெள்ளை உடையில் இருக்கும் ராண்டின் ஊர்க்காரப் பெண் எக்வீனைப் பார்த்து உன் உடை பச்சை என்கிறாள், அதாவது அவளால் பொய் சொல்ல முடியும், அவள் எதிரிகள் பக்கம் சேர்ந்தவள். கையில் தேநீர்க் கோப்பை. சாகிற நேரம் வரை காட்டிக்கொடுக்க மாட்டேன் என்பது எதிரிகளுக்குச் செய்த சத்தியம், அதனால் சாகிற நேரத்தைத் தானே விஷமாகக் கலந்து குடித்துவிட்டு, மிச்சமிருக்கும் பொழுதில் எல்லாவற்றையும் சொல்கிறாள். அன்றைக்கு போனில் நீயும் நானும் பேசாமல் அழுதோம்.

மீரா சியால் அந்தத் தேநீரைக் குடிக்கப்போவதே இல்லை, உமா. எனக்கு அதுதான் துக்கம்.

பத்தொன்பது வருஷம் ஒரு பொய்யை வாசகர் கையில் கொடுத்து வைத்திருக்கப் புத்தகத்தால் முடிந்தது. தொடருக்கு அந்த அவகாசம் யார் தருவார்கள்? முதல் சீசன் 2021 நவம்பர், இரண்டாவது 2023 செப்டம்பர், மூன்றாவது 2025 மார்ச். தடவைக்கு எட்டு எபிசோட். இடையில் யார் யார் என்பதே பார்க்கிறவர்களுக்கு மறந்துபோகிறது, பார்ப்பவர் குறைகிறார்கள், குறைந்ததும் செலவுக்குக் கட்டவில்லை என்று மூடுகிறார்கள். ஹாரி பாட்டரை ஒரு புத்தகத்துக்கு ஒரு சீசனாகப் பத்து வருஷம் எடுக்கப்போகிறோம் என்று எச்.பி.ஓ. அறிவித்ததும் உன் பெண் குதித்தாளாமே. அவள் சந்தோஷப்படட்டும். எனக்கு அதில் வரும் வாத்தியார் ஸ்னேப் நினைப்புதான் வருகிறது. அவன் மனதில் என்ன இருந்தது என்று கடைசிப் புத்தகத்தில்தானே தெரியும்? அதுவரை எடுப்பார்களா? நடிகர் பொருத்தம், தலைமுடி நிறம் என்று சண்டை போடுகிறவர்கள் இதைக் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

ஜோர்டனை நினைத்துப் பார். 2007 செப்டம்பரில் போனார். நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, தான் முடிக்காவிட்டாலும் கதை முடிய வேண்டும் என்று கடைசிக் காட்சியை எழுதி, குறிப்புகளைச் சொல்லி வைத்துவிட்டுப் போனார். மனைவி ஹாரியட் மெக்டூகல்தான் அவருடைய எடிட்டரும். இன்னோர் எழுத்தாளரான பிராண்டன் சாண்டர்சன் எழுதிய அஞ்சலியைப் படித்துவிட்டு, இவர் முடிக்கட்டும் என்று தேர்ந்தெடுத்தது அந்த அம்மாள். 2013இல் கடைசிப் புத்தகம் நம் கைக்கு வந்தது. துக்கத்திலும் வாசகரை நினைத்தவர் அவர். அவருக்கே தெரியாமல், உரிமை காலாவதியாகிவிடக் கூடாது என்று 2015இல் நடுராத்திரி ஒன்றரை மணிக்கு ஓர் அமெரிக்க சானலில் இந்தக் கதையை வைத்து எடுத்த அரைமணி நேரப் படம் ஒன்றைக் காட்டினார்களே, அன்றைக்கு உனக்கு வந்த கோபத்தை எல்லாம் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வேறு யாராவது எடுத்து முடிப்பார்களா என்று கேட்டிருந்தாய். இதே நடிகர்களோடு நடந்தால் சந்தோஷம். முதலிலிருந்து ஆரம்பித்தால் ரோசமண்ட் பைக் இல்லாத மொரெய்னை என்னால் ஏற்கவே முடியாது. அவர் வாசித்த ஒலிப்புத்தகங்களாவது இருக்கின்றன. நாலாம் பாகம்வரை வாசித்திருக்கிறார், நீ காரில் போகும்போது கேள். ரூயிடியனை மட்டும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேள்.

கிஷோர் ஊருக்குப் போகும்போது முதல் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனான். இப்போது இரண்டாவதில் இருக்கிறான். நேற்று போன் செய்து, "அத்தை, மொரெய்ன் அனுப்பலைங்கறாங்களே, அப்ப வெரின் எப்படி அப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் திறக்காதே, சங்கர் அண்ணனிடமும் கண்டிப்பாகச் சொல்லிவை, அவருக்கு வாய் நிற்காது.

பன்னிரண்டாம் பாகம் உன்னிடம்தான் இருக்கிறது. தைக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வா. அதற்குள் நாலாவது எபிசோடைப் பார்த்துவிட்டு எழுது. திட்டுவதென்றாலும் முழுசாகத் திட்டி எழுது.

அன்புடன்,
மாலதி