அறைவாசலில் ஓர் எண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைக் காப்பகங்களுக்கு உரிமம் வழங்குவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஊழியர் தகுதி, தீ பாதுகாப்பு, சுத்தம் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்திருந்தீர்கள். அறையின் அளவுக்கு மட்டும் ஒரே ஒரு வரி. கட்டட வரைபடம் போடுவது என் தொழில். காப்பகம் தொடங்க வருகிறவர்கள் எங்களைப் போன்றவர்களிடம் முதலில் கேட்பதே, "இதில் எத்தனை பிள்ளைகளை வைக்கலாம்?" என்றுதான். அதனால் அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் உள்ளறையில் ஒரு குழந்தைக்கு 35 சதுர அடி, வெளியே விளையாட 75 சதுர அடி என்பது கணக்கு. ஆஸ்திரேலியாவில் உள்ளே 3.25 சதுர மீட்டர், வெளியே 7 சதுர மீட்டர். உள்ளளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கிலாந்தில் வயதைப் பார்த்துப் பிரிக்கிறார்கள்: 2 வயதுக்குக் கீழே 3.5, 2 வயதில் 2.5, 3 முதல் 5 வயது வரை 2.3 சதுர மீட்டர். சின்னக் குழந்தைக்கு எதற்கு அதிக இடம் என்று தோன்றலாம். தொட்டில், துணி மாற்றும் மேசை, தவழத் தரை என்று அதற்குத்தான் எல்லாம் தனியாக வேண்டும். ஜப்பானில் இதையும் பிரித்துப் பார்க்கிறார்கள். கைக்குழந்தை அறைக்குத் தலைக்கு 1.65 சதுர மீட்டர், தவழும் அறைக்கு 3.3.

சரி, இந்த எண்ணால் எதை வகுப்பது? தகராறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. நடைபாதை, கழிப்பறை, சமையலறை, சாமான் அறை, ஊழியர் அறை இவற்றைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும் என்று நான் சொன்ன நாடுகளின் விதிகள் பெரும்பாலும் தெளிவாகவே சொல்கின்றன. அறைக்குள் நிற்கும் அலமாரியையும் தொட்டிலையும் கழிப்பதா என்பதில்தான் இடத்துக்கு இடம் வேறுபாடு. 20க்கு 30 அடி அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 600 சதுர அடி, 35ஆல் வகுத்தால் 17 பிள்ளைகள். அலமாரி, கை கழுவும் தொட்டி, மேசை எல்லாம் 120 சதுர அடியை அடைத்துக்கொண்டால் மிச்சம் 480. அப்போது 13 பேர்தான். நாலு பிள்ளைகளின் கட்டணம் ஓர் அலமாரி வரிசையில் போகிறது என்றால், எந்த நிர்வாகிக்கும் அதைக் கழிக்க மனம் வராது. நான் உரிமையாளர்களைக் குறை சொல்லவில்லை. விதி அங்கே வாய் திறக்காமல் இருப்பதைத்தான் சொல்கிறேன்.

எனக்கு அதிகம் உறுத்துவது மதியத் தூக்க நேரம். வரைபடத்தில் எல்லாரும் எழுந்து விளையாடுவதாகவே கணக்கு. ஆனால் பல காப்பகங்களில் அதே அறையில்தான் படுக்கை விரிப்பார்கள். தொற்று பரவாமல் இருக்கப் படுக்கைகளுக்கு இடையே 3 அடி இடைவெளி விடச் சொல்கிறது, அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வகுத்த வழிகாட்டுதல். 2 அடி அகலம், நாலரை அடி நீளமுள்ள சிறு கட்டிலுக்கு இந்த இடைவெளியையும் சேர்த்தால் 5க்கு ஏழரை, அதாவது 37.5 சதுர அடி. சுவரோரக் கட்டில்களில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், உண்மைதான். ஆனாலும் ஊழியர் நடக்க வேண்டும், கதவு திறக்க வேண்டும். 35இல் இது எப்படி அடங்கும்? அதே வழிகாட்டுதல் குறைந்தது 42 சதுர அடி வேண்டும், 50 இருந்தால் நல்லது என்கிறது. அதுவும் அறைச் சாமான்களைக் கழித்த பிறகு. இடத்தைக் கூட்டினால் கட்டணம் ஏறும், சேர்க்கை குறையும் என்பார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அதற்கு விடை, நெருக்கிப் படுக்கவைப்பது அல்ல. இடவசதிக்கு அரசு உதவித்தொகை கொடுப்பது.

அப்புறம், மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே எண்ணாக உரிமம் கொடுக்கும் வழக்கம். தலா 200 சதுர அடியில் இரண்டு அறைகள் இருந்தால், தனித்தனியே 35ஆல் வகுக்கும்போது ஒவ்வொன்றிலும் 5 பேர், ஆக 10. சேர்த்து வகுத்தால் 11. ஒரு பிள்ளைதானே என்று விடலாம். ஆனால் எண் மொத்தமாக இருந்துவிட்டால், காற்றோட்டமான அறையிலேயே எல்லாரையும் உட்காரவைத்துவிட்டு மற்றதைப் பூட்டிவைக்கவும் முடியும்; உரிமத்தில் உள்ள எண்ணைத் தாண்டவில்லை என்று கணக்கும் காட்டலாம். கழிப்பறைக் கணக்கு வேறு இருக்கிறது, கலிஃபோர்னியாவில் 15 குழந்தைகளுக்கு ஒன்று. ஊழியர் கணக்கு தனி. ஆஸ்திரேலியாவில் 2 வயதுக்குக் கீழே 4 பேருக்கு ஒருவர், இங்கிலாந்தில் 3 பேருக்கு ஒருவர். இவற்றில் எது குறைவான எண்ணைத் தருகிறதோ, அதுதான் அந்த அறையின் எண்ணாக இருக்க வேண்டும். அறை பெரிது என்பதால் ஒரே ஊழியரிடம் 10 கைக்குழந்தைகளை விட முடியாது இல்லையா?

அந்த எண்ணை அலுவலகக் கோப்பில் வைக்காமல் ஒவ்வோர் அறையின் வாசலிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்பதே என் கோரிக்கை. கூடவே அறையின் நிகர அளவும், எந்த வயதுக்கு என்பதும். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய்க்கோ தாத்தாவுக்கோ எண்ணிப் பார்க்க அரை நிமிடம் போதும். ஆய்வாளர் எப்போதோ ஒருமுறைதான் வருவார். பெற்றோர் தினமும் வருகிறார்கள்.

காலைப் பிள்ளைகள் போவதற்குள் மதியப் பிள்ளைகள் வந்துவிடும் நேரத்தைப் பற்றியும் உங்கள் நிருபர் விசாரித்து எழுதினால் நல்லது. சேர்க்கைப் பதிவேட்டில் எத்தனை பேர் இருந்தாலும், ஒரே நேரத்தில் அறைக்குள் இருப்பவர்களின் எண்ணிக்கைதான் கணக்கு. அந்த அரைமணி நேரத்தில் எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

இப்படிக்கு,
கட்டட வரைபடப் பணியில் இருக்கும் ஒரு வாசகர்