சுண்டுவின் முதுமை குறித்து மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கினிப்பன்றி சுண்டுவுக்கு ஆறு வயது நடக்கிறது என்றும், முன்போல ஓடித் திரிவதில்லை, உடம்பும் மெலிந்துவிட்டது, வயது போனால் அப்படித்தானே பெரியம்மா என்றும் எழுதியிருந்தாய். கினிப்பன்றிகள் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரையே வாழ்பவை என்பதால், அது முதுமைக்குள் வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் மெலிவை வயதின் கணக்கில் எழுதிவிட்டு இருந்துவிடாதே. காட்டில் பிற விலங்குகளுக்கு இரையாக வாழ்ந்த இனம் என்பதால், வலியை வெளியில் காட்டாமல் மறைப்பது அதன் இயல்பு. நம் கண்ணுக்கு நோய் தெரியும்போது அது பெரும்பாலும் முற்றியிருக்கும்.

ஆகவே உன் கண்ணைவிடச் சமையலறைத் தராசை நம்பு. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், காலைத் தீனிக்கு முன்பு, சுண்டுவை ஒரு பாத்திரத்தில் இருத்தி நிறையைப் பார்த்துக் கொப்பியில் எழுதிவை. ஒரு கிலோ நிறையுள்ள பிராணி ஒரு வாரத்தில் 50 கிராம் குறைந்தால் அது தின்பதையும் அதன் புழுக்கையையும் கூர்ந்து கவனிக்க வேண்டும். 100 கிராம் குறைந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். ஓர் இரவு முழுவதும் ஒன்றும் தின்னாமல் கிடந்தால் தராசையும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, ஏனெனில் உணவு நின்றால் இந்தப் பிராணியின் குடல் இயக்கமும் நின்றுவிடும், அதன்பின் ஒவ்வொரு மணித்தியாலமும் ஆபத்தானது.

மெலிவுக்கு முதலில் பற்களைச் சந்தேகி. முன்பற்களும் கடைவாய்ப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் நிறைந்த புல்லை நாள் முழுவதும் அரைத்தால்தான் அவை தேயும். தேயாத கடைவாய்ப் பற்கள் நாக்கின்மேல் வளைந்து வளரும்போது, பிராணி பசியோடு தீனியருகே வந்தும், கடிக்க முடியாமல் திரும்பிப் போகும். வாயில் எச்சில் வடிகிறதா, தாடைக்குக் கீழே ஈரமாக இருக்கிறதா என்று பார். வெளிநாட்டு நூல்கள் சொல்லும் உலர்புல் நம் பக்கத்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பதற்காகக் பெலட் எனப்படும் குருணைத் தீனியை மட்டும் போட்டு வளர்ப்பது, வயதான பிராணிக்குச் செய்யும் பெரிய தீங்கு. வேலியோரம் வளரும் கினிப்புல்லும் அறுகம்புல்லும் போதும். வயல் வரம்பில் மட்டும் அறுக்காதே. அங்கே களைநாசினி அடித்திருப்பார்கள்.

மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் உயிர்ச்சத்து சீயைத் தானாக உண்டாக்குவதில்லை. நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை தேவை. அது குறைந்தால் மூட்டுகள் வீங்கி வலிக்கும், பல்லும் ஆடும். சுண்டு நடக்கத் தயங்குவதற்கு மூட்டுத் தேய்வு காரணமாக இருக்கலாம், இந்தக் குறையும் காரணமாக இருக்கலாம். உன் வளவில் கொய்யா இருக்கும்போது வேறெதையும் தேட வேண்டாம்: 100 கிராம் கொய்யாவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இருப்பதால், விதை நீக்கிய சிறு துண்டொன்று போதும். இனிப்பு அதிகம் என்பதால் அதற்குமேல் கொடுக்காதே; கொய்யா இல்லாத காலத்தில் குடைமிளகாய் கொடு. உயிர்ச்சத்து சீ மருந்தைக் குடிநீரில் கலந்துவிட்டால் அதன் சத்து விரைவில் குறைந்துவிடும். பசளியையும் முருங்கையிலையையும் நாளாந்தம் போடாதே, சிறுநீர்ப்பையில் கல் உண்டாக அவை துணைபோகும். சிறுநீர் கழிக்கும்போது கத்தினாலோ, சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ கல்லாக இருக்கலாம்.

அடுத்தது வெக்கை. இந்தப் பிராணியின் முன்னோர் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையினர். அதற்கு வியர்க்காது, 28 பாகை செல்சியசுக்கு மேல் அதன் உடல் திணறத் தொடங்கிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் கரையோரத்தில் பகல் வெப்பம் 33 பாகையைத் தாண்டுவது வழக்கமே. சீற் கூரைக்குக் கீழிருக்கும் உன் முன்விறாந்தையிலிருந்து கூட்டை எடுத்து, வீட்டின் நடுவில், சீமெந்துத் தரையில் வை. உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைத்தால், வேண்டும்போது அது போய்ச் சாய்ந்துகொள்ளும். வாய் திறந்து மூச்சு வாங்கிச் சோர்ந்து கிடந்தால், குளிர்ந்த தண்ணீரில் முக்கிவிடாமல் ஈரத்துணியால் காதுகளையும் பாதங்களையும் துடைத்தபடி வைத்தியரிடம் கொண்டுபோ.

கூட்டின் தரை கம்பியாக இருந்தால் மாற்று. கனத்த, அசையாத வயதான பிராணியின் பாதம் கம்பியிலும் ஈரத்திலும் புண்ணாகி, அந்தப் புண் எலும்புவரை போகும். மென்மையான துணி விரித்துத் தினமும் மாற்று. நகங்களையும் மாதம் ஒருமுறை வெட்டு. கிழ ஆண் பிராணிகளுக்கு ஆசனவாய்த் தசை தளர்ந்து புழுக்கை திரண்டு அடைத்துக்கொள்வதுண்டு. அது கூச்சப்பட வேண்டிய விடயமல்ல, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்துவிட வேண்டிய விடயம்.

இனி நான் சொல்வதை மறக்காதே மகள். வீட்டில் மிஞ்சிய அமொக்ஸிசிலினை ஒருபோதும் கொடுத்துவிடாதே. பெனிசிலின் வகை மருந்துகள் வாய்வழி போனால் இதன் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, சில நாட்களில் உயிரையே எடுத்துவிடும். நம் மாவட்டங்களின் மிருக வைத்தியர்கள் பெரும்பாலும் மாடும் ஆடும் கோழியும் பார்ப்பவர்கள். அவர்கள் மருந்து எழுதும்போது, இது கினிப்பன்றிக்குப் பாதுகாப்பானதா என்று மரியாதையோடு கேள், நல்ல வைத்தியர் அதற்காகக் கோபிக்கமாட்டார். பற்களை மயக்க மருந்து கொடுத்துத் தேய்க்க வேண்டி வந்தால், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையில் விசாரிக்கச் சொல்லி அவரிடமே கேட்கலாம். பயணமென்றால் விடியற்காலையில் புறப்படு. துணையாக வளரும் மற்றக் கினிப்பன்றியையும் அதே பெட்டியில் கொண்டுபோ, பிரித்துவிட்டால் இரண்டும் தின்னாமல் இருந்துவிடக்கூடும். நிறை எழுதிய கொப்பியும் கையில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நிறையைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. தாடை ஈரமாக இருந்தால் ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து பெரியம்மா