அண்ணன் கண்ணில் லேசர்

குமுளி

மாப்ளே செந்தில்,

எல்லாரும் சுகம், மழை விடவில்லை, ஏலக்காய் விலையைப் பற்றி மட்டும் கேட்காதே. உன் மெசேஜுக்கு நான் பதில் போடாததற்குக் காரணம் அண்ணன். தோட்டத்தில் ஏலச்செடி இலை கண்ணில் அடித்துவிட்டது. நம்ம ஆள்தானே, தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு மறுபடி காய் எடுக்கப் போய்விட்டார். கண் சிவந்ததும் மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தார்கள், சிவப்பும் குறைந்தது, ரொம்பப் பெருமையடித்துக்கொண்டிருந்தார், அப்புறம் பார்த்தால் கருவிழியில் பூ விழுந்திருக்கிறது. அந்த மருந்து ஸ்டீராய்டுடா. வெளியே சிவப்பை அமுக்கிவிட்டு உள்ளே பூஞ்சையை வளரவிட்டிருக்கிறது.

லோயர் கேம்ப் இறக்கம் முழுக்க மதினி அழுகை. மதுரையில் கருவிழியை லேசர் மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்க்கணும் என்றதும் கண்ணைச் சுடப்போகிறார்கள் என்று இன்னும் அழுகை. சுடுவதெல்லாம் இல்லை. மரத்துப்போக ஒரு சொட்டு விட்டு, ஜெல் தடவிய சின்ன மூடியைக் கருவிழியில் மெல்லப் படவைத்து, 670 நானோமீட்டர் சிவப்பு ஒளியை உள்ளே அனுப்புகிறார்கள். ஒரு படத்தில் விழுவது பக்கத்துக்கு 0.4 மில்லிமீட்டர் உள்ள சதுரம்தான், ஆனால் அடுக்கடுக்காக ஆழம் வரை போகலாம். திரையில் நானும் பார்த்தேன், பிரித்துப் போட்ட தேங்காய் நார் மாதிரி வெள்ளை வெள்ளையாக இழைகள். பங்கஸ்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார் டாக்டர். புண்ணைச் சுரண்டியும் எடுத்தார்கள், ஆனால் அது ஆய்வகத்தில் வளர்ந்து வர நாளாகும், பூஞ்சை ஆழத்தில் இருந்தால் சுரண்டலில் சிக்காமலும் போகும்.

பாக்டீரியா இந்தக் கருவிக்குத் தெரியாது, அத்தனை பொடிசு. பூஞ்சையும், தண்ணீரில் இருக்கிற அகந்தமீபா என்ற ஒற்றைச்செல் கிருமியும் தெரியும். கான்டாக்ட் லென்ஸோடு குளத்தில் குதிக்கிறாளே ராஜி, அவளிடம் இந்த இரண்டாவது பேரைச் சொல்லி வை. மதுரை அரவிந்தில் 239 பேரிடம் இந்தக் கருவியைச் சோதித்து 2016இல் ஆய்வு வந்திருக்கிறது, அதில் பெரும்பாலோருக்குப் பூஞ்சைதான். காட்டிலும் வயலிலும் கிடக்கிற நம்ம ஊர்க் கண்ணுக்கு இதில் ஆச்சரியமில்லை.

லேசர் ஆளைக் காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான், ஆற்றுவது மருந்து. இப்போது நாடமைசின் என்ற பூஞ்சை மருந்துச் சொட்டு, மணிக்கொரு தரம், ராத்திரியும் எழுப்பித்தான் விடுகிறோம். பார்வை எவ்வளவு திரும்பும் என்று டாக்டர் வாயைத் திறக்கவில்லை. பயமாக இருக்கிறதுடா.

சரி, ஒரு வேலை செய். சின்னமனூரில் உங்க அப்பா அலமாரியில் எல்லா நோய்க்கும் ஒரே சொட்டு மருந்து என்று ஒரு பாட்டில் வைத்திருப்பாரே, அதைப் போட்டோ எடுத்து அனுப்பு, பேரைப் பார்க்கணும். ஸ்டீராய்டு என்றால் தூக்கி எறிந்துவிடு. திட்டினால் நான்தான் சொன்னேன் என்று சொல், அவர் என்னை எப்படியும் திட்டுகிறவர்தானே.

முருகன்