டெல்ஃப்டில் படிக்கும் மகளுக்கு, நெடுந்தீவில் பிறந்த அப்பா எழுதுவது

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
04.11.2023

அன்புள்ள மகளுக்கு,

விடுமுறையில் நீ போய்வந்த இடங்களின் படங்கள் செவ்வாய்க்கிழமை இரவு வந்து சேர்ந்தன. அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். நூற்று அறுபதுக்கு மேற்பட்ட அந்தப் படங்களில் ஒன்றையும் விடாமல் பார்த்து முடிக்க மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. ஆம்ஸ்டர்டாம், பிரசல்ஸ், பாரிஸ் என நான்கு நாட்களில் மூன்று தலைநகரங்களைக் கண்டு வந்திருக்கிறாய். 1990 முதல் 2014 வரை யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமே வராதிருந்த காலத்தில், கொழும்புக்குப் போய் வருவதற்கே அனுமதியும் கப்பலும் காத்திருப்பும் என்று நாட்கணக்கில் அலைந்த எங்களுக்கு, நீ ஒரு நாட்டில் காலை உணவும் அடுத்த நாட்டில் இரவு உணவும் உண்டாய் என்பதை வாசிக்கும்போது கண் கலங்கியது. அது மகிழ்ச்சியினால்தான், அம்மாவும் அப்படியே சொன்னார்.

ஆனால் அந்தச் செய்தியின் கடைசியில் நீ எழுதியிருந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "நான் இருக்கிற டெல்ஃப்ட் சின்ன ஊர், பார்க்கிறதுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, அதுதான் இங்கே படம் எடுக்கவில்லை" என்று எழுதியிருந்தாய். நான் கோபித்துக்கொண்டு எழுதுகிறேன் என்று எண்ணிவிடாதே. தொலைபேசியில் இதைச் சொன்னால் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய் என்பதனால், ஆறுதலாக இருந்து எழுத வேண்டும் என்று தோன்றியது.

உன் விசாவுக்காக என் பிறப்புப் பத்திரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பித்தோமே, உனக்கு நினைவிருக்கும். பிறந்த இடம் என்ற நிரலில் டெல்ஃப்ட் என்று இருந்ததைப் பார்த்த உத்தியோகத்தர், "தகப்பனார் ஒல்லாந்திலா பிறந்தவர்?" என்று உன்னிடம் கேட்டதை நீ வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாய். எனக்கு அது அன்று முழுதும் நெஞ்சில் நின்றது. நான் பிறந்த தீவுக்கு, நூற்றாண்டுகளுக்கு முன் எவரோ தம் ஊரின் பெயரைச் சூட்டிவிட்டுப் போனார்கள். அந்த ஊரிலேயே என் மகள் ஒரு தவணை தங்கிப் படிக்கப் போகிறாள் என்பது எனக்குச் சாதாரணமான செய்தி அன்று.

ஒல்லாந்தர், அதாவது இன்றைய நெதர்லாந்துக்காரர், 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். அதன் பின்னர் எங்கள் தீவுகள் ஒவ்வொன்றுக்கும் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம் என்று அவர்களது வரைபடங்களில் ஏறின. மற்றைய பெயர்களெல்லாம் வழக்கொழிந்து போக, நெடுந்தீவுக்கு இட்ட பெயர் மட்டும் அரசாங்கக் கடிதத் தலைப்புகளில் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மாலையில் நடந்து திரிந்த யாழ்ப்பாணக் கோட்டையின் ஐந்து கொத்தளங்களுக்கும்கூட ஒல்லாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், ஃபிரீஸ்லாந்து என்று அவர்களது மாகாணங்களின் பெயர்களே வைக்கப்பட்டிருந்தன. நீ இப்போது புகையிரதத்தில் கடந்து போகும் நிலையங்களின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்; பாதிப் பெயர்கள் பண்ணைப் பாலத்துக்கு அப்பால் ஒரு காலத்தில் வழங்கியவை.

டெல்ஃப்டில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றாயே, அங்கு 1632ஆம் ஆண்டில் மட்டும் பிறந்தவர்களை எடுத்துக்கொள். நுணுக்குக்காட்டியினூடாக நுண்ணுயிர்களை முதன்முதலில் கண்டு எழுதிய லீவன்ஹூக் அந்த ஆண்டில் அந்த ஊரில் பிறந்தவர். ஓவியர் வெர்மீர் அதே ஆண்டில் அதே ஊரில் பிறந்தவர். உலகம் அறிந்த இந்த இருவரோடு மூன்றாவதாக ஒருவரை நான் சேர்க்க விரும்புகிறேன்: பிலிப்பஸ் பல்தேயஸ். அவரும் 1632இல் டெல்ஃப்டில் பிறந்தவரே. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த காலத்திலேயே மதகுருவாக வந்து, 1665 வரை இங்கு தங்கி, தமிழ் கற்று, ஊர் ஊராகத் திரிந்து, தாம் கண்டவற்றை ஒரு பெரிய நூலாக எழுதினார். அது 1672இல், அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டில், ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, மானிப்பாய் முதலிய ஊர்களின் தேவாலயங்கள் அக்காலத்தில் எப்படி இருந்தன என்பதை அந்நூலின் படங்களிலிருந்தே இன்று நாம் அறிகிறோம். தமிழ் எழுத்துகளையும் இலக்கணக் குறிப்புகளையும் அதில் சேர்த்தார். எமது சமயத்தை அவர் தாழ்த்தி எழுதியிருப்பது எனக்கு வருத்தமே. அதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனால், நீ இப்போது சைக்கிள் ஓட்டித் திரியும் கால்வாய்க் கரைகளில் விளையாடி வளர்ந்த ஒரு பிள்ளை, பின்னாளில் நம் ஊர்க் குச்சொழுங்கைகளில் நடந்து நம் மொழியைப் படித்தது என்பதை எண்ணிப் பார்க்காமல் அந்த ஊரை விட்டு நீ வந்துவிடக்கூடாது.

வெர்மீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டெல்ஃப்ட் நகரத்தை, அதன் தெற்குத் துறைமுகத்துக்கு இப்பாலிருந்து பார்த்து, 1660ஐ அண்டி அவர் ஓர் ஓவியம் தீட்டினார். அது ஹேக்கில் மவுரிட்ஸ்ஹவுஸ் நூதனசாலையில் இருக்கிறது. உன் அறையிலிருந்து டிராமில் போய்விடலாம். மழை விட்ட வானம், முன்னால் அசையாத நீர், நிழலில் நிற்கும் நகர வாயில்கள், அவற்றுக்குப் பின்னால் வெயில் விழுந்த புதிய தேவாலயத்தின் கோபுரம் என்று நான் அதை அச்சுப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கணக்கு மனத்தில் ஓடும். அந்த ஓவியர் அமைதியான அந்த நீரைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, அதே ஊரில் கிளை வைத்திருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் படைகள் யாழ்ப்பாணத்தைப் பிடித்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த அமைதிக்கும் நம் கோட்டைக்கும் நடுவில் கடல் மட்டுமே இருந்தது. நீ முதலில் ஹேக்குக்குப் போய் அந்த ஓவியத்தின் முன் அரை மணி நேரமாவது நில். படம் எடுக்க வேண்டாம். பின்னர் டெல்ஃப்டுக்குத் திரும்பி, ஹோய்காடே என்னும் கரையில், அவர் பார்த்த திசையைப் பார்த்து நில். ஓவியத்திலுள்ள வாயில்கள் இன்று இல்லை. நகரத்தின் பழைய வாயில்களில் கிழக்கு வாயில் ஒன்றே எஞ்சியிருக்கிறது. கோபுரம் இருக்கிறது. நீர் இருக்கிறது. எது போயிற்று, எது நின்றது என்று எனக்கு எழுது.

கிழக்கிந்தியக் கம்பனி 1602இல் தொடங்கியபோது அதற்கு ஆறு கிளைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று டெல்ஃப்ட். அந்தக் கிளையின் பழைய மாளிகை பழைய டெல்ஃப்ட் என்னும் கால்வாயின் கரையில் இன்றும் நிற்கிறது. நீ பலமுறை அதைக் கடந்து போயிருப்பாய். அதே கால்வாயின் கரையில், சற்றுச் சாய்ந்த கோபுரத்தோடு நிற்கும் பழைய தேவாலயத்தில்தான் வெர்மீர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இவ்விரண்டையும் ஒரே மாலையில் நடந்தே பார்த்துவிடலாம்.

உன் பயணங்களில் என்னை மிகவும் மகிழ்வித்தது கின்டர்டைக் காற்றாலைகளைப் பற்றி நீ எழுதியதுதான். பத்தொன்பது ஆலைகளும் வரிசையாக நின்று, தாழ்ந்த வயலின் நீரை ஒரு படி மேலே தூக்கி, அங்கிருந்து ஆற்றுக்கு விட்ட முறையை, படம் கீறி விளக்கியிருந்தாய். பாரிசில் எடுத்த எல்லாப் படங்களையும்விட அந்த ஒரு கீறல் படம் எனக்குப் பெரிது. அம்மா அதை அச்செடுத்து அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். நீர் முகாமைத்துவம் படிக்கப் போன பிள்ளை, நீரைப் பார்த்தபோது தான் யார் என்று அறிந்து பார்த்திருக்கிறாள்.

அந்தப் பார்வையோடு ஒருநாள் ஸ்கெவெனிங்கன் பக்கத்து மணற்குன்றுகளுக்கும் போ. ஹேக் நகரத்துக் குடிநீரை ஆற்றிலிருந்து கொண்டுவந்து அம்மணலில் இறக்கி, மணல் வடித்துக் கொடுத்த பின்னர் எடுக்கிறார்கள். மணலுக்குக் கீழே நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளும் மழைநீர் அப்படித்தான் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். நெடுந்தீவில் உன் அப்பாச்சி நல்ல தண்ணீர்க் கிணற்றைத் தேடி இடுப்பில் குடத்தோடு நடந்த தூரத்தை நான் கண்டிருக்கிறேன். வாளியை அடிவரை விட்டால் "மெல்ல, மெல்ல, மேல் தண்ணியை அள்ளு" என்று சொல்வார். எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காத அவருக்கு அது தெரிந்திருந்தது. நாட்டின் கால்வாசி கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்க, 1953இல் ஒரே இரவில் கடல் புகுந்து 1836 பேரை இழந்த மக்கள், அதன் பிறகு தம் கரையை எப்படிக் காத்தார்கள் என்பதை நீ வகுப்பில் படிப்பாய். நல்ல தண்ணீரை எப்படிக் காக்கிறார்கள் என்பதை அந்த மணலில் நின்று பார்.

லைடனுக்கும் ஒருநாள் ஒதுக்கு. முதலாம் இராஜராஜ சோழன் நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தின் வருவாயைக் கொடுத்த செப்பேடுகள், இருபத்தொரு ஏடுகளாக, சோழ முத்திரை பதித்த வளையத்தில் கோக்கப்பட்டு, அங்குள்ள பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. முன்கூட்டியே எழுதி அனுமதி கேள். நாகபட்டினமும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கையில் விழுந்தது ஒரே ஆண்டில். நீ ஆம்ஸ்டர்டாமில் போய்வந்த பெரிய நூதனசாலையில், 1765இல் கண்டி அரண்மனையிலிருந்து கொள்ளைபோன பீரங்கி ஒன்று இருந்து வந்தது. அதனோடு மொத்தம் ஆறு பொருட்களை இலங்கைக்குத் திருப்பித் தருவதென நெதர்லாந்து அரசு இந்த யூலையில் முடிவு செய்திருக்கிறது. அது நல்ல செய்தி. செப்பேடுகள் இப்போது இருக்கும் இடத்தில், நம் எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை அவற்றின் முன் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

இவ்வளவும் எழுதிய பின்னர், என் பிழை ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. 2012இல் உன்னை முதன்முதலாக நெடுந்தீவுக்குக் கூட்டிப் போனேன். உனக்கு அப்போது பதினொரு வயது. குறிகட்டுவானில் படகு ஏறி ஒரு மணி நேரம் அலையில் ஆடி மாவிலித்துறையில் இறங்கினோம். முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக, சாந்து இல்லாமல் அடுக்கிய வேலிகளைத் தொட்டுப் பார்த்து, "இது ஏன் விழவில்லை?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. பின்னேரப் படகைத் தவறவிட்டால் இரவு தங்க நேரிடும் என்ற பதற்றத்தில், பெருக்கு மரம், இடிந்த கோட்டை, புறாக்கூடு, குதிரைகள் என்று ஓட்டோவிலிருந்தபடியே காட்டிக்கொண்டு போனேன். அப்பாச்சி தண்ணீர் அள்ளிய கிணற்றடிக்கு உன்னைக் கூட்டிப் போகவே இல்லை. நான் பிறந்த வீட்டின் அத்திவாரத்தைத் தூரத்திலிருந்து கைகாட்டினேன். நீ நான்கு நாட்களில் மூன்று தலைநகரங்களைப் பார்த்தது போலவே, நான் உனக்கு என் ஊரை நான்கு மணி நேரத்தில் காட்டினேன். ஊரைப் பார்க்கும் விதத்தை நீ என்னிடமிருந்துதான் படித்திருப்பாய் என்ற எண்ணமே அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் வைத்தது.

பணத்தைப் பற்றி யோசிக்காதே. ஹேக்குக்கும் லைடனுக்கும் போய்வரும் செலவை இம்மாதம் சேர்த்து அனுப்புகிறேன். மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் பருத்தித்துறை வடையும் அடுத்த கிழமை பொதியில் வரும். குளிர் கூடுகிறது என்றாய், கழுத்தை மூடாமல் சைக்கிளில் போகாதே. கடந்த ஞாயிறு அங்கு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள் என்பதால், இனி நமக்குள் நாலரை மணி வித்தியாசம். உனக்குப் பின்னேரம் நான்கு மணியாகும்போது எடுத்தால் நாங்கள் இருவரும் விழித்திருப்போம்.

மாசி மாதம் நீ வந்து களை ஆறியதும் நெடுந்தீவுக்குப் போவோம். இம்முறை காலைப் படகில் போய், இரவு தங்கி, மறுநாள்தான் திரும்புவோம். கல்வேலி ஏன் விழவில்லை என்ற உன் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவர் இன்னும் அங்கு இருக்கிறார். பெரியம்மாவிடம் நேற்றே அறையைக் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா