பழைய லை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. இஸ்தான்புல் டோப்காபி அரண்மனை வாசலில் இருக்கும் சுல்தான் மூன்றாம் அகமது நீர்மண்டபம், சுவரெல்லாம் செதுக்கிய கவிதை. கீழே, "வீட்டுக்கார அம்மாவைக் கேட்டேன்ப்பா, இது துருக்கிதான், ஆனா எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுட்டாங்க" என்று எழுதியிருந்தாய். அன்றிலிருந்து 1928ஆம் வருஷத்தைப் பற்றியே தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணில் மருந்து விட்ட கையோடு போனை எடுக்கிறேன் என்று உன் அம்மா திட்டுகிறாள்.

அந்த மண்டபம் கட்டியது 1728இல். சரியாக 200 வருஷம் கழித்து அந்த அரபு எழுத்தையே நாடு விட்டுவிட்டது. துருக்கி குடியரசாகி அப்போது ஐந்து வயதுகூட நிறையவில்லை. ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, நீ சாயங்காலம் நடக்கப் போகிறாயே, அந்த குல்ஹானே பூங்காவில்தான் குடியரசுத் தலைவர் முஸ்தபா கெமால் அறிவித்தார்: இனி லத்தீன் எழுத்து. நவம்பர் 1இல் சட்டம் வந்தது. டிசம்பர் முதல் பத்திரிகைகள் புது எழுத்தில், ஜனவரி முதல் புத்தகங்கள். ஐந்து வருஷமாவது ஆகும் என்று கூட இருந்தவர்கள் சொன்னதற்கு, மூன்று மாதத்தில் நடக்கும், இல்லாவிட்டால் நடக்கவே நடக்காது என்றாராம்.

காரணம் இல்லாமல் இல்லை. துருக்கி மொழிக்கு உயிர் ஒலி எட்டு. அரபு எழுத்தில் அத்தனையையும் பிரித்துக் காட்ட வழியில்லை. நாட்டில் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். மற்ற ஒன்பது பேருக்கு எந்த எழுத்தும் புதுசுதான். அதுவரை படித்தவன் என்று பேர் வாங்கியவன்தான் திரும்ப அரிச்சுவடி எடுக்க வேண்டியதாயிற்று.

என் புத்தி எங்கே போகும் என்று உனக்குத் தெரியுமே. இஸ்தான்புல் அச்சகங்களில் என்னைப்போல் ஈய எழுத்துக் கோர்த்த கம்போசிட்டர்களிடம் போயிற்று. 1978இல் நம் அரசு மாற்றியது 13 தமிழ் எழுத்தின் வடிவம். பெரியார் 1935லேயே குடிஅரசில் தொடங்கிவைத்த மாற்றம்தான். எனக்கு அப்போது 22 வயது. துதிக்கை மாதிரி வளைந்த பழைய லை ஒற்றை அச்சு, கேஸ் என்னும் எழுத்துப் பெட்டியில் அதற்கென்று ஓர் அறை. புதுசில் கொம்பு தனி, ல தனி. "தலைவர்" என்று வரும்போது கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், விரல் தானாகப் பழைய அறைக்குள் போய்த் துழாவும். ஈயத்தைக் கொட்டி எடுத்துவிட்டதால் வெறும் மரம்தான் நகத்தில் தட்டும். ஒரு மாதம் வேலை பாதியாகக் குறைந்தது, முதலாளி கூலியில் பிடித்தார். நான் அந்த மாற்றத்தை ஆதரித்தவன், அது வேறு விஷயம்.

13 எழுத்துக்கே இந்தப் பாடு. அங்கே பழசில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, வரி ஓடும் திசையே மாறிவிட்டது. பத்திரிகை விற்பனை படுத்துப்போய் அரசாங்கம் பணம் கொடுத்துத் தாங்கியிருக்கிறது. கைசேரி ஊரில் கெமால் கரும்பலகைப் பக்கத்தில் நின்று புது எழுத்தைக் காட்டும் படத்தை எல்லாரும் போடுகிறார்கள். எழுத்துப் பெட்டியைக் காலி செய்தவன் படம் ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

அப்புறம், வீட்டுக்கார அம்மாவின் பாட்டி எழுதிய கடிதங்கள் அலமாரியில் ஒரு கட்டு இருக்கிறது, வீட்டில் யாருக்கும் படிக்க வராது என்றாயே. உன் பல்கலைக்கழகத்தில் பழைய எழுத்து தெரிந்தவர் யாராவது இருப்பார். அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. அவர் சம்மதித்தால் எனக்கும் ஒரு பக்கம் படம் எடுத்து அனுப்பு. அர்த்தம் புரியாவிட்டால் பரவாயில்லை, கை எப்படி ஓடியிருக்கிறது என்று பார்க்கலாம்.

இந்தக் கடிதத்தில் எத்தனை இடத்தில் பழைய லை போட்டிருக்கிறேன் என்று எண்ணிச் சொல். புது லைதான் எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

இப்படிக்கு,
அப்பா